மூச்சு விடக் கூடாத அறை

பாண்டிசெல்வி செத்துப்போன பிறகு அவளைப் பார்க்கக் காரில் ஆட்கள் வந்தது அதுதான் முதல் தடவை. உயிரோடு இருந்தபோது சைக்கிளில்கூட ஒருவரும் வந்ததில்லை.

வந்தவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, பையிலிருந்து வெள்ளைக் கையுறை எடுத்து மாட்டிக்கொண்டார்கள். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டார்கள். அவள் புருசன் சமுத்திரம் ஓரடி பின்னால் நகர்ந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து அவளைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களும் இதே கோலத்தில்தான் இருந்தார்கள். அவர் இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணி கம்பெனியில் துணி வெளுக்கிற வேலை பார்ப்பவர். கையுறை போட்ட ஆளைப் பார்த்தால் யாருக்கு என்ன ஆச்சு என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும். கேட்டார்.

“படம் எங்க?” என்றார் வந்தவர்களில் மூத்தவர்.

மூத்தவர் கௌதம்ராஜ். மில் முதலாளி. பாண்டிசெல்வி கடைசிவரை பஞ்சுப் பிரிவில் வேலை பார்த்தது அவர் மில்லில்தான். ஆனால் அன்றைக்கு அவர் முதலாளியாக வரவில்லை. இராஜபாளையம் – ஸ்ரீவில்லிபுத்தூர் விளையாட்டு நுண்கலை அச்சுச் சேகரிப்போர் பேரவையின் தலைவராக வந்திருந்தார். கூட வந்தவர் பேரவையின் செயலாளர் சிவபாண்டி, ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்.

அந்தப் பேரவையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பேர்பெற்ற ஓவியர்கள் விளையாட்டை வைத்துச் செய்த அச்சுப்படங்களை வாங்கிச் சேர்த்துவைப்பது அதன் வேலை. ஓவியர் மரத்தில் செதுக்கி, மை தடவி, சில தாள்கள் மட்டும் ஒற்றி எடுப்பார். ஒவ்வொன்றிலும் பென்சிலால் நம்பர் போட்டுக் கையெழுத்திடுவார். பிறகு அந்த மரத்தைக் குறுக்கே கீறிக் கெடுத்துவிடுவார். இனி ஒரு தாள் வரக் கூடாது. அதுதான் முறையாம். இப்படி மட்டை வீசுகிறவன், குத்துச்சண்டைக்காரன், குதிரை ஓட்டுகிறவன், வலைக்கு முன்னால் எம்பி நிற்கிறவன் என்று எல்லாரும் பேரவையின் இழுப்பறைகளில் இருட்டுக்குள் படுத்திருந்தார்கள். வெளிச்சம் பட்டால் மை வெளுத்துவிடும் என்பதால் யாரும் அவர்களைப் பார்ப்பதில்லை. அதிக நாள் பார்க்காமல் இருந்தவர் யார் என்பதில்தான் உறுப்பினர்களுக்குள் போட்டி. கௌதம்ராஜ் ஒரு குத்துச்சண்டைப் படத்தை வாங்கிய நாளிலிருந்து உறையைப் பிரித்ததே இல்லை என்று மற்றவர்கள் மரியாதையோடு சொல்வார்கள். பேரவையில் சேர விளையாடத் தெரிந்திருக்கக் கூடாது என்று விதி ஒன்றும் கிடையாது. ஆனால் விளையாடத் தெரிந்த ஒருவரும் இதுவரை வந்து சேர்ந்ததில்லை.

பாண்டிசெல்விக்கு விளையாடத் தெரியும். அந்தக் காலத்தில் மில்லில் பெண்கள் கபடி அணி இருந்தது. ஆண்டு விழாவில் ஆடுவார்கள். ஒரு வருடம் சென்னையிலிருந்து நவநீதகிருஷ்ணன் என்கிற ஓவியரைச் சிறப்பு விருந்தினராக அழைத்திருந்தார்கள். அவர் மேடையில் போட்ட நாற்காலியை விட்டு இறங்கி வந்து, கோட்டுப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்துகொண்டு வரைந்து தள்ளிவிட்டார். கொஞ்ச நாள் கழித்துத் தபாலில் ஒரு சுருள் வந்தது. பிரித்தால் பாண்டிசெல்வி. எதிர்க்கட்டத்துக்குள் பாடிப் போகிறாள். ஒரு கால் மண்ணில், ஒரு கால் அந்தரத்தில். கை நீண்டு யாரையோ தொடப் போகிறது. வாய் பாதி திறந்திருக்கிறது. வலது புருவத்தில் ஒரு வெட்டு. சங்கரன்கோயில் ஆட்டத்தில் எவளோ மிதித்தது.

“சேலை கட்டியிருக்கயில ஒருத்தனும் என்னைப் படம் பிடிச்சதில்ல. பேண்ட் போட்டிருக்கயிலயா வரையணும் இந்த மனுசன்” என்று சிரித்துவிட்டு, மறுநாளே அதைச் சமுத்திரத்திடம் கொடுத்து லேமினேசன் போட்டு வரச் சொன்னாள். ஒழுகுகிற வீடு. ரேசன் கார்டு, பின்னால் மகளின் மார்க் ஷீட் என்று பத்திரமாய் இருக்க வேண்டிய எல்லாவற்றுக்கும் அவர்கள் வீட்டில் அதுதான் வழக்கம். பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடையில் பெரிய மிசினில் விட்டு வாங்கிவந்தார். அவள் போன பிறகு அதே படத்தைச் சுவரில் மாட்டி, பிளாஸ்டிக்குக்கு மேலேயே நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்தார். அவளுக்கு வேறு படம் இல்லை. வாக்காளர் அட்டையில் இருப்பது யாரோ மாதிரி இருக்கும்.

நவநீதகிருஷ்ணன் போன வருடம் காலமானார். செத்த பிறகு இன்னும் பெரிய ஓவியர் ஆகிவிட்டார். அந்தக் கபடிப் படத்தின் மற்றத் தாள்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று பேரவைக்குத் தெரியும். ஒன்றை மட்டும் காணவில்லை. பேண்டேஜ் கம்பெனி சூப்பர்வைசர் எட்வின், பாண்டிசெல்வியின் காரியத்துக்கு வந்தபோது சுவரில் பார்த்த ஞாபகத்தில் நல்லெண்ணத்தோடு சொல்லிவிட்டார். அதனால்தான் கார் வந்தது.

படத்தைப் பார்த்ததும் சிவபாண்டி தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். கௌதம்ராஜ் கண்ணாடியைக் கழற்றினார். இழவு வீட்டில் எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்தவர்களாக இருக்கிறார்களே என்று சமுத்திரத்துக்கு அவர்கள்மேல் ஒரு பிரியம் வந்தது.

“எப்ப ஆச்சுப்பா இது?” என்றார் சிவபாண்டி, படத்தைப் பார்த்தபடி.

“போன ஆவணியோட மூணு வருசங்கய்யா.”

“ஆரம்பத்துலயே எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா காப்பாத்தியிருக்கலாமே.”

“டாக்டரும் அதத்தான் சொன்னாரு. முன்னாடியே கூட்டியாந்திருக்கணும்னு.”

சிவபாண்டி நிமிர்ந்து பார்த்தார். தான் பிளாஸ்டிக் உறையைப் பற்றிக் கேட்டதும் இந்த ஆள் பொண்டாட்டியைப் பற்றிச் சொன்னதும் அவருக்குப் புரிய நேரமானது. புரிந்ததும் சங்கடப்பட்டார். “அதுவும் வருத்தந்தான்” என்றார்.

படத்தைச் சிகிச்சைக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார்கள். சமுத்திரம் தயங்கினார். மகள் மாரிசெல்விக்குத் தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளைக்கு ஊர் சுந்தரபாண்டியம். கல்யாணத்துக்கு முந்தின நாள், சுமங்கலியாய்ப் போன தாயின் படத்துக்கு முன்னால் புதுச்சேலை வைத்துப் படைத்து, அந்தச் சேலையை மகள் எடுத்து உடுத்த வேண்டும். அதற்குப் படம் வேண்டும். கூச்சத்தோடு இதைச் சொன்னார்.

கௌதம்ராஜ் அவர் தோளில் கையுறையோடு கை வைத்தார். “சமுத்திரம், பிளாஸ்டிக்குக்குள்ள அந்தக் காகிதம் படுற பாடு உனக்குத் தெரியல. காகிதத்துக்கு மூச்சு உண்டு. காத்து இல்லாம உள்ளுக்குள்ள திணறித் திணறிச் சாகுது. நீ பாத்துக்கிட்டே இருக்க.”

கடைசி மாதங்களில் பாண்டிசெல்வி தலையணையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்தபடியே தூங்கினாள். படுத்தால் மூச்சு முட்டும். நெஞ்செல்லாம் பஞ்சுத் தூசி என்று ஆஸ்பத்திரியில் படம் எடுத்துக் காட்டினார்கள். ஒரே மூச்சில் எதிர்க்கட்டத்தையே சுற்றி வருகிறவள், அடுப்படியிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் இரண்டு இடத்தில் நின்றாள். அவர் பார்த்துக்கொண்டேதான் இருந்தார்.

“கொண்டுபோங்கய்யா. தைக்குள்ள வந்துரணும்” என்றார்.

பேண்டேஜ் துணியில் சுற்றி, ஆளுக்கொரு பக்கம் பிடித்து, தூக்கிக்கொண்டு போனார்கள். துணி அவர் வெளுத்ததாகவும் இருக்கலாம். சுவரில் படம் இருந்த இடம் மட்டும் சுண்ணாம்பு அழுக்குப்படாமல் வெள்ளையாய் நின்றது. மாரிசெல்வி காஸ் துணிக் கம்பெனி வேலையிலிருந்து வந்து அதைப் பார்த்துவிட்டு, “யப்பா, அம்மா எங்க?” என்று கேட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள் என்றார். சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கே உறைத்தது.

வாரம் ஒரு நாள் விடுப்பில் பாண்டிசெல்வியைப் பார்க்கக் கிளம்பினார். அங்கேதான் அடுத்த சிக்கல். பேரவைக்குப் படங்களை வைக்கும் குளிரறை எந்த ஊரில் இருக்க வேண்டும் என்று ஆரம்பத்திலேயே சண்டை வந்து, இரண்டு ஊரிலும் கட்டி, அமாவாசைக்கு இங்கே பௌர்ணமிக்கு அங்கே என்று படங்களை மாற்றிக்கொள்வதாகச் சமாதானம் ஆகியிருந்தது. காப்பாற்றுவதற்காக இருட்டில் வைத்த படங்களை, சமாதானத்துக்காகக் காரில் வைத்து மாதாமாதம் அலைக்கழித்தார்கள். சமுத்திரம் ஸ்ரீவில்லிபுத்தூர் போனால், “இப்பத்தான் அவிய இராஜபாளையம் கௌம்பிப் போறாவ” என்பார் அங்கே வாட்ச்மேன் குருசாமி. அவருக்குப் படங்கள் எல்லாம் அவிய, இவிய தான். இராஜபாளையத்துக்குத் திரும்பிவந்தால், பிரயாணம் செய்த களைப்பு தீர ஒரு வாரம் யாரும் பார்க்கக் கூடாது என்பார்கள். சமுத்திரம் போன டவுன் பஸ்ஸும் பாண்டிசெல்வி வந்த காரும் வழியில் எங்கேயோ ஒன்றையொன்று தாண்டித்தான் போயிருக்கும். கார் ஏசி. கண்ணாடி ஏற்றியிருப்பார்கள்.

மார்கழியில் பேரவையின் ஆண்டுக் கூட்டம் நடந்தது. படத்தை முன்பு வைத்திருந்தவர் என்கிற முறையில் அவரையும் அழைத்தார்கள். தை பிறக்கப்போகிறதே, நேரில் கேட்டுவிடலாம் என்று போனார். இராஜபாளையம் குளிரறையை ஒட்டிய மண்டபம். வாசலில் நின்று சுற்றிப் பார்த்தபோது ஒரு வேப்பமரத்தை அடையாளம் தெரிந்தது. பழைய மில் மைதானம். அந்த மரத்தடியில் மகளை மடியில் வைத்துக்கொண்டு அவர் ஆட்டம் பார்த்திருக்கிறார்.

கௌதம்ராஜ் பேசினார்.

“விளையாட்டுக்கும் எனக்கும் ஆழமான தொடர்பு உண்டு. சிறு வயதில் எனக்கு மூச்சு இழுப்பு இருந்ததால் நான் ஓடியதே கிடையாது. ஆகவே ஓட்டத்தை எந்தச் சார்பும் இல்லாமல் என்னால் ரசிக்க முடிகிறது. இதே இடத்தில் நமது மில் பெண்கள் கபடி ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆடினால் களைத்துவிடுகிறார்கள், மறுநாள் உற்பத்தி குறைகிறது. அதனால் அணியைக் கலைத்தோம். மைதானம் சும்மா கிடந்தது. குளிரறை கட்டினோம். ஆடியவர்கள் போய்விட்டார்கள். ஆட்டத்தை நாம் காப்பாற்றிவிட்டோம்.”

கைதட்டினார்கள். அவர் கையமர்த்திவிட்டுத் தொடர்ந்தார்.

“நம் ஊர் பஞ்சாலை ஊர். காற்றில் தூசி. ஒரு துளி பஞ்சுத் தூசி போதும், காகிதத்தின் நுண்ணிய துவாரங்களில் போய் அடைத்துக்கொள்ளும். அதற்காக வெளிநாட்டிலிருந்து தூசி உறிஞ்சும் இயந்திரம் வரவழைத்திருக்கிறோம். இரவும் பகலும் ஓடுகிறது. இதில் நான் சிக்கனம் பார்க்கவில்லை. உயிர்ப்பான ஒன்று என் பொறுப்பில் இருக்கும்போது அதன் மூச்சுக்கு நான்தானே பதில் சொல்ல வேண்டும்?”

மறுபடி கைதட்டினார்கள். எல்லாரும் தட்டுகிறார்களே என்று சமுத்திரமும் தட்டினார். பாதியில் கை நின்றுவிட்டது. பாண்டிசெல்வி முகத்தில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டுதான் வேலை பார்த்தாள். சாயந்தரம் அதை அலசினால் வாளித் தண்ணீரில் பஞ்சு மிதக்கும். தூசி உறிஞ்சுகிற மிசின் என்று ஒன்று இருப்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

எழுந்து நின்று, தன் சம்சாரத்தை எப்போது வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று கேட்டார்.

செயலாளர் சிவபாண்டி பொறுமையாக விளக்கினார். படத்தின் பெயர் ‘எல்லையற்ற மூச்சு’. அதில் இருப்பது ஒரு குறிப்பிட்ட பெண் அல்ல. எல்லைகளைத் தாண்டத் துடிக்கும் மனிதகுலம்.

“அவ புருவத்துல வெட்டு இருக்குமுங்க” என்றார் சமுத்திரம்.

“மனிதகுலத்துக்கும் இருக்கலாம்” என்றார் கௌதம்ராஜ்.

சமுத்திரத்துக்கு இருமல் வந்தது. பக்கத்தில் இருந்த உறுப்பினர், குளிரறைக்கு இவ்வளவு அருகில் இருமக் கூடாது என்று பதமாகக் கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்து வேப்பமரத்தடியில் விட்டுவிட்டுப் போனார்.

தை பிறந்தது. கல்யாண வேலைகளுக்கு நடுவில் படத்தைக் கேட்டு மூன்று தடவை நடந்தார். கடைசியில் படைப்புக்கு முந்தின நாள் எட்வினுக்குத் தகவல் வந்தது. சிகிச்சை முடிந்துவிட்டது, பேரவைக்கு மகத்தான வெற்றி, வந்து பார்க்கலாம். படம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தது. மாரிசெல்வியையும் கூட்டிக்கொண்டு போனார். தாயைச் சுற்றிக்கொண்டுவர அவள் ஒரு புதுத் துண்டு எடுத்துக்கொண்டாள்.

குருசாமி அவர்களுக்குக் கையுறையும் முகக்கவசமும் கொடுத்துவிட்டு, தயங்கித் தயங்கிப் புது விதியைச் சொன்னார். “மூச்சுக் காத்துல ஈரம் இருக்காம்லா. உள்ள போனா மூச்சு விடப்பிடாது. எம்புட்டு நேரம் அடக்குவியளோ அம்புட்டு நேரம் பாத்துக்கிடலாம். என்மேல கோவப்படாதிய.”

“அம்மா எம்புட்டு நேரம்ப்பா அடக்குவா?” என்றாள் மாரிசெல்வி. தாய் ஆடி அவள் பார்த்த ஞாபகமில்லை. பார்த்தபோது மடிக்குழந்தை.

“எதிராளுகளுக்குச் சலிச்சுப்போற வரைக்கும்.”

இருவரும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்கள்.

மேசைமேல் மங்கலான விளக்கு. காகிதம் நிமிர்ந்து, வெள்ளையாய், புதுசாய்க் கிடந்தது. மண்ணில் ஒரு கால் இருந்தது. அந்தரத்தில் ஒரு கால் இருந்தது. நீட்டிய கை இருந்தது. கோடு இருந்தது. கழுத்துக்கு மேலே ஒன்றும் இல்லை. சுவரொட்டியைக் கிழித்த இடம் மாதிரி ஒரு வெறும் இடம். மாரிசெல்வி அப்பாவின் கையைப் பிடித்தாள். அழுதால் மூச்சு வந்துவிடும். இருவரும் வெளியே வந்துதான் அழுதார்கள்.

சிவபாண்டி வெளியே காத்திருந்தார். முகம் மலர்ந்திருந்தது. பிளாஸ்டிக்கை முழுசாக உரித்தெடுத்துவிட்டோம் என்றார். சூடு காட்டி உரிக்கும்போது ஓரிடத்தில் மட்டும் மை பிளாஸ்டிக்கோடு வந்துவிட்டது. நிர்வாகக் குழு கூடி விவாதித்தது. முகம் இருந்தவரை இது யார், எவர் வீட்டுப் பெண் என்கிற சில்லறைக் கேள்விகள் எழுந்தன. இப்போதுதான் இது உண்மையிலேயே மனிதகுலம் ஆகியிருக்கிறது. இதைக் குறை என்று எழுதாமல் நிறைவு என்றே பதிவு செய்யலாம் எனத் தீர்மானம்.

“நாளைக்குப் படைப்புங்கய்யா” என்றார் சமுத்திரம். “தாரோம்னு சொன்னீய.”

“தரலாம்ப்பா. ஆனா நீயே யோசி. மொகமில்லாத படத்தைச் சுவத்துல மாட்டி, யாருன்னு கும்பிடுவ?”

சமுத்திரம் யோசித்தார். அவர் கேட்டது நியாயம் போலத்தான் இருந்தது. அதுதான் தாங்கமுடியவில்லை.

மாரிசெல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “மை பிளாஸ்டிக்கோட வந்திருச்சுன்னா, அந்தப் பிளாஸ்டிக் எங்க?” என்று கேட்டாள்.

“அது கழிவும்மா.”

“கழிவ எங்க போட்டிய?”

பேரவையின் எந்தப் பொருளும் தலைவர் கையெழுத்து இல்லாமல் வெளியே போகக் கூடாது. கழிவைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை. சிவபாண்டிக்கே நிம்மதியாக இருந்தது. “குப்பைதானே, தாராளமா எடுத்துக்கங்க” என்றார்.

குளிரறைக்குப் பின்னால் குருசாமி பெரிய கூடையைக் கவிழ்த்துக் கொட்டினார். டீ கப்புகள், கையுறைகள், மைக்கறை பட்ட பேண்டேஜ் துணி. எல்லாவற்றுக்கும் அடியில் பிளாஸ்டிக் தாள் சுருண்டு கிடந்தது. சமுத்திரம் முழங்காலில் வைத்து நீவி விரித்தார். வெயிலுக்கு நேராகப் பிடித்தார்.

பாண்டிசெல்வி பார்த்தாள். மை தோல்போல ஒட்டியிருந்தது. கண், மூக்கு, பாதி திறந்த வாய், புருவத்து வெட்டு. கழுத்தோடு நின்றுபோயிருந்தாள். நெற்றியில் அவர் வைத்த பொட்டு வைத்த இடத்திலேயே இருந்தது.

பஸ்ஸில் மாரிசெல்வி அதைப் புதுத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். மம்சாபுரம் விலக்கு தாண்டியதும், “ஓடுற காலு அங்கன இருக்கு. மொகம் நம்மகிட்ட இருக்கு” என்றாள். “எப்படிப்பா ஓடுவா?” அவள் எப்படி ஓடுவாள் என்று சமுத்திரம் சொல்லத் தொடங்கினார். பாதியிலேயே சொல்லத் தெரியாமல் நிறுத்திவிட்டார். அதற்குத்தானே படம் வைத்திருந்தது.

மறுநாள் காலையில் படைத்தார்கள். சுவரில் வெள்ளையாய் இருந்த இடத்தில் அந்தப் பிளாஸ்டிக்கை மாட்டினார்கள். புதுச்சேலையைத் தட்டில் மடித்து வைப்பதுதான் முறை. மாரிசெல்வி மடிப்பைப் பிரித்து, பிளாஸ்டிக் முடிகிற இடத்தில் சேலையின் முனையை ஆணியில் செருகி, கழுத்திலிருந்து தரைவரை தொங்கவிட்டாள். வந்திருந்த சொந்தக்காரப் பெண்கள் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள். எவரும் குறை சொல்லவில்லை.

சூடம் காட்டிய பிறகு மாரிசெல்வி கிட்டே போனாள். கையுறை இல்லை, முகக்கவசம் இல்லை. மூக்கு படுகிற தூரத்தில் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நேற்று அறைக்குள் அடக்கிவைத்ததை எல்லாம் சேர்த்து விட்டாள் போலிருக்கிறது. அவள் மூச்சுப் பட்டுப் பிளாஸ்டிக் மங்கியது. சரியாகப் பாண்டிசெல்வியின் வாய்கிட்டே ஆவி படிந்து, விரிந்து, சுருங்கி, திரும்ப விரிந்தது.

ஈரம் ஆகாதே என்று சமுத்திரம் துண்டை எடுத்துக்கொண்டு துடைக்கப் போனார். மாரிசெல்வி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இருக்கட்டும்ப்பா” என்றாள்.